காமாலை தணிந்த பிறகு மஜ்ஜை ஓய்வது ஏன்?

"வைரஸ் முதலில் கல்லீரலைத் தின்றது, பிறகு எலும்புக்குள் புகுந்து மஜ்ஜையையும் தின்றுவிட்டது." கல்லீரலும் மஜ்ஜையும் அடுத்தடுத்துப் பழுதான ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். இன்னொருவர், "கல்லீரல் கெட்டால் இரத்தம் ஊறாது, தெரிந்ததுதானே" என்பார். மூன்றாமவர், "டெங்குவில் தட்டணு குறையுமே, அதுபோலத்தான்" என்று முடித்துவைப்பார். மூன்று பேச்சிலும் உண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவை எளிதில் பரவுகின்றன.

வைரஸ் தொற்றை ஒட்டிக் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து ஓய்வது அரிது. அரிதாக இருந்தாலும் அது நடக்கும் விதம் தெரிந்தால், தொற்றில் தொடங்கிய ஒரு நோய்க்கு மருத்துவர் ஏன் நோய் எதிர்ப்பு சக்தியையே அடக்கும் மருந்தைத் தருகிறார் என்பது விளங்கும். கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும் வைத்தியம் அது. அதற்குப் போகும் முன் இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே பார்த்துவிடலாம்.

மஞ்சள் வேறு, செயலிழப்பு வேறு

காமாலை என்பது அறிகுறிதான், நோயின் பெயரன்று. வயதான சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். அந்த வேலை தடைப்பட்டால் மஞ்சள் இரத்தத்தில் தேங்கி, கண்ணின் வெண்மையில் முதலில் தெரிகிறது. கல்லீரல் அழற்சியுற்றால் அதற்கு ஹெபடைடிஸ் என்று பெயர். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து ஹெபடைடிஸ் வைரஸ்கள் இதற்குப் பெயர்போனவை. ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே கல்லீரல் முழுதாக ஓய்ந்துபோகிறது. மற்றவர்கள் சில வாரங்கள் சோர்ந்து கிடந்து எழுந்துவிடுகிறார்கள்.

அழற்சியை அளக்க எல்லோரும் பார்ப்பது எஸ்ஜிபிடி என்ற எண்ணை. இது கல்லீரல் செல்களுக்குள் இருக்கவேண்டிய ஒரு நொதி. செல் உடைந்தால் வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. தண்ணீர்ப் பானைகள் அடுக்கிய அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் எஸ்ஜிபிடி. வழக்கமாக 40 அளவில் இருக்கும் அது, கடும் அழற்சியில் ஆயிரக்கணக்கில் போகும். பானைகள் உடைகின்றன என்று அது சொல்லும். உடையாமல் எத்தனை மிச்சம் என்று சொல்லாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்ஜிபிடி 3000-லிருந்து 300-க்கு இறங்கினால் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு கேட்கிறது. பெரும்பாலும் அது நல்ல செய்திதான். ஆனால் அதே நேரத்தில் பிலிருபின் ஏறிக்கொண்டும் இரத்தம் உறையத் தாமதமாகிக்கொண்டும் இருந்தால் பொருள் வேறு: உடைவதற்குப் பானையே மீதியில்லை.

கல்லீரல் செயலிழப்பு என்பதற்கு இரண்டு அடையாளங்கள் வேண்டும். ஒன்று, இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரலால் தயாரிக்க முடியாமல் போவது. ஐஎன்ஆர் என்ற சோதனை இதை அளக்கிறது. சாதாரணமாக 1 அருகில் இருக்கும் எண் 1.5 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். இரண்டு, கல்லீரல் கழித்துவிட வேண்டிய அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையை மந்தமாக்குவது. முன்பு கல்லீரல் நோய் இல்லாத ஒருவருக்கு, நோய் தொடங்கி 26 வாரங்களுக்குள் இவை இரண்டும் சேர்ந்தால் அது திடீர்க் கல்லீரல் செயலிழப்பு.

மூளை மந்தம் என்றவுடன் மயங்கிக் கிடப்பதை நினைக்க வேண்டாம். அது மெதுவாக வருகிறது. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். கையெழுத்து கோணலாகும். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னால், பறவை சிறகடிப்பதுபோல் கை விட்டுவிட்டுத் தொய்ந்து நிமிரும். ஊசியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கட்டிலருகே நின்று பத்து நொடியில் பார்த்துவிடலாம்.

மஜ்ஜையும் மூன்று தொட்டிகளும்

எலும்பின் உள்ளே பஞ்சுபோன்ற இடத்தில் இருப்பது மஜ்ஜை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்புகள் ஆகியவற்றில்தான் அது மும்முரமாக வேலை செய்கிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. இத்தனைக்கும் மூலம், எண்ணிக்கையில் மிகக் குறைவான குருத்தணுக்கள். குருத்தணு என்பது தன்னைப்போல் இன்னொன்றையும் உண்டாக்கி, எந்த வகை இரத்த அணுவாகவும் வளரக்கூடிய மூல செல். மஜ்ஜையை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொண்டால் குருத்தணுக்களே விதைநெல். விதைநெல் அழிந்தால் நாற்றங்கால் வெறும் நிலமாகிவிடும்.

மஜ்ஜை வேலையை நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும் என்று தோன்றும். தெரியாது. மாடியில் தொட்டி நிறைந்திருக்கும்போது கீழே மோட்டார் நின்றாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கும். இரத்தத்தில் அப்படி மூன்று தொட்டிகள், மூன்றும் வெவ்வேறு அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுவுக்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள். பாக்டீரியாவோடு மோதும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. ஆகவே உற்பத்தி நின்றால் நியூட்ரோஃபிலும் தட்டணுவும் முதலில் காலியாகின்றன. சோகை மெல்லத்தான் தலைகாட்டும். "இரத்தம் குறைந்தால் வெளிறிப்போவாரே, இவர் அப்படி இல்லையே" என்று காத்திருப்பவர்கள் தவறான தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டணுத் தொட்டி வற்றுவது தோலில் எழுதப்படும். கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தோன்றும். அரிப்பதில்லை, தடிப்பதில்லை. கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பாக இருந்தால் வெளுக்கும். இவை வெளுக்காது, ஏனென்றால் இரத்தம் ஏற்கெனவே குழாயைவிட்டு வெளியே வந்து தோலடியில் நிற்கிறது.

மஜ்ஜை இப்படி வெறுமையாகும் நோய்க்கு அப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர். அனீமியா என்ற சொல்லைக் கேட்டு இரும்புச்சத்துக் குறைவோடு இதைச் சேர்த்துவிடுவது பரவலான குழப்பம். இரும்புச்சத்துக் குறைவில் பட்டறை திறந்திருக்கிறது, மூலப்பொருள் இல்லை. இதில் பட்டறையே இல்லை. இரும்பு மாத்திரை கொட்டினாலும் பயனில்லை. 1888-ல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், இறந்துபோன ஓர் இளம் கர்ப்பிணியின் எலும்பில் சிவந்த மஜ்ஜை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பு இருப்பதைக் கண்டு பதிவு செய்தார். இன்றும் அதே காட்சிதான். இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து தீக்குச்சி கனத்தில் ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நலமான மஜ்ஜையில் அணுக்கள் இடித்துக்கொண்டு நெரிசலாக நிற்கும். இந்த நோயாளியின் மஜ்ஜையிலோ சோப்பு நுரைபோல் வட்ட வட்டமாகக் கொழுப்பு, நடுவில் ஆங்காங்கே தனித்துவிடப்பட்ட ஓரிரு அணுக்கள். இருக்கவேண்டிய அணுக்களில் கால்பங்குகூட இல்லாமல், நியூட்ரோஃபில் 500-க்கும் தட்டணு 20,000-க்கும் கீழே போனால் அதைக் கடுமையான வகை என்கிறார்கள். நலமானவருக்குத் தட்டணு குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்கும் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைக் கையில் பிடித்துக்கொள்ள இரண்டு வரி: கல்லீரல் உடைவதும் கல்லீரல் ஓய்வதும் ஒன்றல்ல. மஜ்ஜை நின்ற நாளும் அது வெளியே தெரியும் நாளும் ஒன்றல்ல.

வைரஸ் நேரடியாகக் கைவைக்கும்போது

வைரஸ் காரணம் என்று சொல்வதில் குறைந்தது மூன்று வேறுபட்ட கதைகள் அடங்கியிருக்கின்றன. முதல் கதையில் வைரஸே குற்றவாளி. செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மக்கள் மனத்தில் இருக்கும் படம் இதுதான்.

மஜ்ஜையில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு பார்வோ வைரஸ் பி19. 1975-ல் லண்டனில் இவோன் காஸர்ட் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இரத்த மாதிரிகளில் ஹெபடைடிஸ் பி-யைத் தேடும் சோதனையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பி என்று பெயரிட்ட தொகுப்பின் 19-ஆவது மாதிரி விநோதமாக நடந்துகொண்டது. கல்லீரல் வைரஸைத் தேடப்போய் மஜ்ஜை வைரஸ் அகப்பட்டது. பெயரில் ஒட்டிக்கொண்ட பி19 அந்த மாதிரியின் எண்தான்.

இந்த வைரஸ் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் இளம் செல்களை மட்டும் குறிவைக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் உள்ள பி (P) ஆன்டிஜென் என்ற மூலக்கூறுதான் அதற்குக் கைப்பிடி. பிறவியிலேயே அந்த மூலக்கூறு இல்லாத மிகச் சிலரை இந்த வைரஸ் தொற்றுவதே இல்லை. தொற்றியவரின் சிவப்பணு உற்பத்தி ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே நின்றுவிடும். நலமானவருக்கு 120 நாள் தொட்டி நிறைந்திருப்பதால் அந்த ஒரு வாரம் தெரியாமலே கழிந்துவிடும். குழந்தைகளின் கன்னம் சிவந்து ஒரு சாதாரணக் காய்ச்சலாக முடியும். ஆனால் அரிவாள் செல் நோய் என்ற பிறவி இரத்த நோய் உள்ளவரின் சிவப்பணு 10 முதல் 20 நாளே வாழ்வதால், அவருக்கு அதே ஒரு வாரம் உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

கவனியுங்கள்: வைரஸ் ஒன்றே, தாக்குதல் ஒன்றே, விளைவு மட்டும் வேறு. தொட்டியின் அளவுதான் அதைத் தீர்மானித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பி19 நாற்றைத்தான் மேய்கிறது, விதைநெல்லைத் தொடுவதில்லை. எதிர்ப்பு சக்தி சரியாக இருப்பவருக்கு உற்பத்தி மீண்டும் தொடங்கிவிடுகிறது.

கல்லீரலில் நேரடித் தாக்குதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். எங்கோ ஒருவருக்கு, குறிப்பாகக் கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ எதிர்ப்பு சக்தி குன்றியபோதோ, அது கல்லீரலுக்குள் இறங்கிச் செல்களை வேகமாக அழிக்கும். கடும் காய்ச்சலும் ஆயிரக்கணக்கில் எஸ்ஜிபிடியும் இருக்கும், கண்ணில் மட்டும் மஞ்சள் அவ்வளவாக இருக்காது. இதைச் சந்தேகித்தாலே, சோதனை முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் என்ற மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். வைரஸே குற்றவாளி என்பதால் வைரஸ் மருந்து பலிக்கிறது.

வெறிகொண்ட துப்புரவாளர்கள்

இரண்டாவது கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முதன்மையானது மூன்றாவது என்பதால். உடலில் மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கி செல்கள் உண்டு. செத்த செல்களையும் கிருமிகளையும் விழுங்கித் துப்புரவாக்குவது அவற்றின் வேலை. எப்ஸ்டீன் பார் வைரஸ் போன்ற தொற்றுகளுக்குப் பிறகு, சிலரில் நோய் எதிர்ப்புப் படைக்கு நிறுத்து என்ற கட்டளை போய்ச்சேராமல், இந்த விழுங்கிகள் நல்ல இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். ஹீமோபேகோசைட்டிக் லிம்போஹிஸ்டியோசைட்டோசிஸ் என்பது இதன் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். இரத்த அணு விழுங்கல் நோய் என்று வைத்துக்கொள்வோம். தணியாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், பழுதாகும் கல்லீரல், எல்லா அணுக்களும் குறைந்த இரத்தம். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் இரத்தத்தில் பத்தாயிரத்தைத் தாண்டுவது இதில் உண்டு. இங்கே மஜ்ஜை காலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. நாற்றங்காலில் நாற்று இருக்கும், மேயும் மாடும் உள்ளேயே நிற்கும்.

டெங்குவுக்கும் இங்கே ஒரு வார்த்தை. டெங்குவில் தட்டணு சரிவதும் எஸ்ஜிபிடி ஏறுவதும் சாதாரணமாகக் காணக்கூடியவை. பெரும்பாலோருக்கு மஜ்ஜை சில நாள் மட்டும் தளர்ந்து, தானே வேகமெடுக்கிறது. தட்டணு எண்ணிக்கை ஒரு வாரம் பத்து நாளில் மீள்கிறது. அதை மஜ்ஜை செயலிழப்பு என்று சொல்வது, மின்வெட்டை மின்நிலையம் இடிந்ததாகச் சொல்வதற்கு ஒப்பு. டெங்குவை ஒட்டியும் அணு விழுங்கல் நோய் வருவதுண்டு என்பது உண்மை. அது தனிக் கணக்கு.

காமாலைக்குப் பின் வரும் வெறுமை

மூன்றாவது கதை இப்படிப் போகிறது. நோயாளி பெரும்பாலும் சிறுவர் அல்லது இளைஞர், ஆண்களே மிகுதி. காமாலை வருகிறது. எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. ஏ முதல் இ வரை எல்லா வைரஸ் சோதனைகளும் இல்லை என்றே வருகின்றன. சிலருக்குக் கல்லீரல் முழுதாக ஓய்ந்து, மாற்று உறுப்பு தேவைப்படுகிறது. பலருக்கு அழற்சி தானே தணிகிறது. மஞ்சள் இறங்கிவிட்டது, பசி எடுக்கிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம். காலில் சிவப்புப் புள்ளிகள். இரத்தப் பரிசோதனையில் மூன்று வகை அணுக்களும் தரைமட்டம்.

இதற்கு ஹெபடைடிஸ் சார்ந்த அப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர். இப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றிய முதல் பதிவு 1955-ல் வந்தது. மேலை நாடுகளில் அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் இந்த வகையினர். கிழக்காசியாவில் இது சற்றுக் கூடுதல்.

கல்லீரல் கெட்டதால்தானே மஜ்ஜையும் கெட்டது என்ற கேள்வி இப்போது நியாயமாக எழும். அதற்கு 1988-ல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. காரணம் புலப்படாத ஹெபடைடிஸால் கல்லீரல் ஓய்ந்து, மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்ட 32 நோயாளிகளில் 9 பேருக்கு அதன் பின்னர் அப்ளாஸ்டிக் அனீமியா வந்தது. பொருத்திய கல்லீரல் புதியது. பழைய கல்லீரலின் இயலாமைதான் காரணம் என்றால் புதியது வந்ததும் மஜ்ஜை பிழைத்திருக்க வேண்டும். அதுபோலவே, வேறு காரணங்களுக்காகக் கல்லீரல் மாற்றப்பட்டவர்கள் மிகப் பலர். அவர்களிடம் இந்த நோய் தொடர்வதில்லை. ஆக, ஒன்று கெட்டதால் மற்றது கெடவில்லை. இரண்டையும் கெடுத்த கை ஒன்று.

அந்தக் கை யாருடையது?

களையெடுக்க வந்தவர்கள்

நோய் எதிர்ப்புப் படையில் டி செல்கள் என்றொரு பிரிவு உண்டு. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு, அந்தச் செல்லையே கொன்றுவிடுவது இவற்றில் ஒரு பிரிவின் தொழில். இவற்றுக்குக் கொல்லி டி செல்கள் என்று பெயர். வைரஸ் ஒளிந்த வீட்டைக் கொளுத்தினாலொழிய வைரஸ் அழியாது என்பது இவற்றின் கணக்கு. ஹெபடைடிஸ் பி-யில்கூடக் கல்லீரல் செல்களைப் பெரும்பாலும் கொல்வது வைரஸன்று, அதைத் துரத்திவரும் இந்த டி செல்கள்தாம். இதைப் படித்தவுடன் நம்பக் கடினமாக இருக்கும். காமாலை என்பதே பல சமயம் நம் படை நடத்தும் போரின் புகை.

நாற்றங்காலுக்குத் திரும்புவோம். களையெடுக்க ஆட்கள் இறங்குகிறார்கள். களை என்று அவர்களுக்குக் காட்டப்பட்ட இலையின் சாயல் நாற்றிலும் இருக்கிறது. அவர்கள் திறமைசாலிகள், சோர்வறியாதவர்கள், கையில் பட்டதையெல்லாம் பிடுங்கிப் போடுகிறார்கள். கொல்லி டி செல்கள் அப்படி ஏதோ ஒரு சாயலைக் கல்லீரல் செல்லிலும் குருத்தணுவிலும் கண்டு இரண்டையும் தாக்குகின்றன என்பதே இன்று மருத்துவர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். இந்த நோயாளிகளின் கல்லீரலில் ஒரே வார்ப்பில் பெருகிய டி செல்கள் கூடியிருப்பது பார்க்கப்பட்டிருக்கிறது. டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப்பொருள் குருத்தணுக்களின் பெருக்கத்தை முடக்கி, அவை தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளத் தூண்டுகிறது. அதாவது நேராகப் பிடுங்கியது போக, மிச்சம் இருக்கும் விதைநெல்லும் முளைக்காதபடி மண் மாறிப்போகிறது.

கல்லீரல் ஏன் பிழைத்துக்கொள்கிறது, மஜ்ஜை ஏன் பிழைப்பதில்லை? இரண்டும் ஒரே அடி வாங்கியவை. வேறுபாடு, அடிவாங்கியவர்களின் எண்ணிக்கையிலும் இயல்பிலும் இருக்கிறது. கல்லீரலின் முதிர்ந்த செல் ஒவ்வொன்றும் பிரிந்து பெருகும் ஆற்றல் உடையது. பாதிக்கு மேல் போனாலும் மீந்தவை இடத்தை நிரப்பிவிடும். மஜ்ஜையில் அந்த ஆற்றல் ஒருசில குருத்தணுக்களிடம் மட்டும் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அது எங்கிருந்து பெருகும்? விதைநெல் போனபின் களத்தில் உள்ள நெல் தீரும்வரைதான் வாழ்வு.

காமாலைக்கும் சிவப்புப் புள்ளிக்கும் இடையே ஏன் வாரங்களும் மாதங்களும் என்பதையும் இதிலிருந்தே ஊகித்துவிடலாம். உடையும் கல்லீரல் செல் அன்றே நொதியைக் கசியவிட்டு ஊரைக் கூட்டுகிறது. குருத்தணு சத்தமில்லாமல் சாகிறது. அதன் வழிவந்த இளம் அணுக்கள் கொஞ்ச காலம் உற்பத்தியைத் தாங்கிப்பிடிக்கும். அவையும் தீர்ந்து, தொட்டிகளும் வற்றிய பின்தான் தோலில் முதல் புள்ளி.

சுருக்கிச் சொன்னால்: வைரஸ் தீக்குச்சி கிழித்திருக்கலாம். எரிப்பது டி செல்கள். நோயாளி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் தீக்குச்சி பெரும்பாலும் அணைந்து போயிருக்கும்.

படையை அடக்கும் வைத்தியம்

எதிர்ப்பு சக்தியைக் கூட்டவேண்டும் என்று உறவினர்கள் சத்து மாத்திரைகளோடு வந்து நிற்கும்போது, மருத்துவர் அதைக் குறைக்கும் மருந்தை எழுதுகிறார். காரணம் இப்போது தெரிந்திருக்கும். பிடுங்கும் கைகளை நிறுத்தினால்தான் மிஞ்சிய சில விதைகளாவது முளைக்கும்.

இந்த வைத்தியம் ஒரு எதிர்பாராத விளைவிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே, அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தும் முன், உடல் அதை நிராகரிக்காமல் இருக்க டி செல்களை அழிக்கும் ஒரு சீரத்தைக் கொடுத்தார். செலுத்திய மஜ்ஜை சிலருக்கு வேர்பிடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் தேறினார்கள், தங்கள் சொந்த மஜ்ஜையாலேயே. இது 1970-ல் வெளியானது. நோயாளியின் படைதான் அவர் மஜ்ஜையை நசுக்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று அப்போது கிடைத்திருக்க முடியாது.

அந்தச் சீரத்தின் இன்றைய வடிவம், குதிரைக்கு மனித டி செல் வகை அணுக்களைச் செலுத்தி அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருள். அதோடு சைக்ளோஸ்போரின் என்ற மாத்திரையும், குருத்தணுவைத் தூண்டும் எல்ட்ராம்போபேக் என்ற மருந்தும் சேர்கின்றன. முயலிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருளும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் குதிரையுடையதற்கு 68 விழுக்காட்டினரும் முயலுடையதற்கு 37 விழுக்காட்டினரும் பலன் பெற்றார்கள். டி செல்லை அதிகம் அழிப்பது முயலுடையதுதான். எவ்வளவு அடக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இங்கே பொய்த்துவிட்டது.

இளம் நோயாளிக்கு உடன்பிறந்தவர்களில் யாருடைய திசுவாவது முழுமையாகப் பொருந்தினால், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே முதல் தேர்வு. இதில் பலருக்குத் தெரியாத ஒரு நடைமுறை உண்டு. தட்டணு குறைந்துவிட்டது என்றதும் முதலில் கையை நீட்டி இரத்தம் கொடுக்க ஓடிவருவது அண்ணனும் தங்கையுமாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கொடுக்கக்கூடாது. அவர்களுடைய இரத்தம் ஏறினால் நோயாளியின் உடல் அவர்கள் திசுவுக்கு எதிராக முன்கூட்டியே பழகிவிடும். நாளை அதே உடன்பிறப்பின் மஜ்ஜையைச் செலுத்தும்போது அதை நிராகரித்துவிடும். அன்பு மிகுந்த வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல.

யார் அந்த வைரஸ்?

சந்தேகப் பட்டியல் நீளமானது. பார்வோ வைரஸ் பி19, எப்ஸ்டீன் பார், சைட்டோமெகலோ எனப் பல பெயர்கள் சில நோயாளிகளிடம் தட்டுப்பட்டிருக்கின்றன. எல்லோரிடமும் தட்டுப்படும் பெயர் எதுவும் இல்லை. 1990-களில் ஹெபடைடிஸ் ஜி என்று ஒரு புது வைரஸ் கண்டறியப்பட்டபோது, இதோ அகப்பட்டது என்று தோன்றியது. 1997-ல் இத்தகைய 10 நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. அந்த வைரஸ் நோயாளிகளுக்கு ஏற்றிய இரத்தத்தின் வழியே வந்திருந்தது, நோயைக் கொண்டுவந்தது அதுவன்று. அந்த 10 பேரில் 7 பேர் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சிகிச்சையால் பலனடைந்தார்கள். வைரஸின் பெயர் தெரியாமலே.

ஒரு வைரஸ் இருப்பதைக் காண்பதும் அதுவே காரணம் என்று நிறுவுவதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை 2022 இன்னொரு முறை காட்டியது. அந்த ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் தொடங்கி, சிறு குழந்தைகளிடம் காரணம் தெரியாத கடும் ஹெபடைடிஸ் பல நாடுகளில் பதிவாயிற்று. முதலில் அடினோ வைரஸ் மீது பழி விழுந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வுகள், தனியாகப் பெருக முடியாமல் அடினோ போன்ற இன்னொரு வைரஸின் துணையைத் தேடும் ஏஏவி2 என்ற வைரஸைப் பெரும்பாலான குழந்தைகளிடம் கண்டன. ஸ்காட்லாந்து ஆய்வில் அந்தக் குழந்தைகள் பலருக்கு நோய் எதிர்ப்பு சார்ந்த ஒரே மரபணு வகையும் பொதுவாக இருந்தது. வைரஸ், அதற்குத் துணை வைரஸ், அதை எதிர்கொள்ளும் உடலின் பிறவி அமைப்பு என்று மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் கல்லீரல் சாய்கிறது போலும். நோய் அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏஏவி2-வும் பார்வோ குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பது ஒரு கூடுதல் வேடிக்கை.

காமாலை இறங்கிய பிறகு பார்க்கவேண்டியது

காமாலை வந்த ஒவ்வொருவரும் மஜ்ஜையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் ஏ என்றோ இ என்றோ சோதனையில் தெளிவாகத் தெரிந்து, அது தணிந்தும் விட்டால் இந்தப் பேச்சுக்கே இடம் அநேகமாக இல்லை. கடுமையான ஹெபடைடிஸ் வந்து, எல்லா வைரஸ் சோதனையும் இல்லை என்று வந்த இளையவர்கள்தாம் கவனிக்கப்பட வேண்டியவர்கள். கல்லீரல் எண்கள் சரியானதும் கோப்பை மூடிவிடாமல், அடுத்த சில மாதங்களுக்கு இரத்த அணு எண்ணிக்கையையும் இடையிடையே பார்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அழுத்தினால் வெளுக்காத புள்ளிகள், காரணமின்றி வரும் கன்றல்கள், நிற்காத மூக்கு இரத்தம், நியூட்ரோஃபில் குறைந்தவருக்கு வரும் காய்ச்சல் ஆகியவற்றில் எதற்கும் நாளை வரை காத்திருக்கக்கூடாது. கடைசியாகச் சொன்ன காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைக் கேட்கும்.

சிகிச்சை தொடங்கியபின் நாள்கள் நகராது. எதிர்ப்பொருள் ஊசிகளை நான்கு நாளில் முடித்துவிடுவார்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதுவரை ஏற்றிய இரத்தமும் தட்டணுவும்தான் தாங்கிப்பிடிக்கும். ஹீமோகுளோபின் கூடிவிட்டதா என்று வீட்டார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏற்றிய இரத்தத்தாலும் அது கூடும் என்பதால் மருத்துவர் அந்த எண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. அறிக்கையின் ஓரத்தில் இருக்கும் ரெட்டிகுலோசைட் என்ற வரியை அவர் முதலில் தேடுவார். மஜ்ஜையைவிட்டு வெளியேறி ஓரிரு நாளே ஆன இளம் சிவப்பணுவின் பெயர் அது. வேறொருவர் கொடுத்த இரத்தம் அந்த எண்ணை உயர்த்தாது.